கைமாறும் காசுக்கு உடையவர் யார்?

(உணவகத் தொழிலாளர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் கெலுகோரில் நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது, பயனிலோ பெரியது. உணவகத்தில் உண்டு எழுந்த ஒருவர், தமக்குப் பரிமாறியவரின் உபசரிப்பில் மகிழ்ந்து, பட்டியலில் கண்ட தொகைக்கு மேலாக இரண்டு வெள்ளியோ ஐந்து வெள்ளியோ வைத்துச் செல்கிறார். அந்தக் காசு யாருக்குச் சொந்தம்? பரிமாறிய தொழிலாளிக்கா? அடுப்படியில் வெந்து உழைத்தவருக்கா? கல்லாவில் அமர்ந்திருக்கும் நிர்வாகிக்கா? அல்லது கடையை நடத்தும் முதலாளிக்கா? 'டிப்ஸ்' என்று நாம் எல்லாரும் அறிந்த இந்த அன்பளிப்புக் காசை உரிமையாளரும் நிர்வாகியும் தமதாக்கிக் கொள்ளலாமா என்பதே கேள்வி.

இரண்டு வெள்ளிக்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். நாள் ஒன்றுக்குப் பத்து வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாள் வேலை செய்யும் ஒருவருக்கு அது 260 வெள்ளி. ஓர் ஆண்டிற்கு 3,120 வெள்ளி. பள்ளி தொடங்கும் காலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குச் சீருடையும் காலணியும் புத்தகப் பையும் வாங்கிய பின்னும் அதில் மீதம் இருக்கும். ஆகவே இது சில்லறை விஷயம் அன்று.

கெலுகோர் மண்ணில் நின்று இதைப் பேசுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விடம் டேவிட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டமாக இருந்தது. வாசனைப் பயிர்கள் இங்கே விளைந்தன. இன்றோ தோட்டத்தின் சுவடு மறைந்துவிட்டது. 1969-இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் தீவைத் தொடும் இடமும் இதுவே. தோட்டப் புறங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இந்தப் பாலத்தைக் கடந்து வந்து, நாசி கண்டார் கடைகளிலும், வாழையிலை உணவகங்களிலும், பத்து பெரிங்கிக் கடற்கரை ஓட்டல்களிலும் வேலைக்கு அமர்ந்திருக்கிறார்கள். பால்மரத்தை விட்டு மேசைக்கு வந்தவர்கள், மேசையின் கணக்கையும் அறிந்திருத்தல் அவசியம்.

தோட்டம் கற்பித்த பாடம்

கூலியானது உழைத்தவர் கையை அடையுமுன் எத்தனை கைகளைக் கடந்து வருகிறதோ அத்தனை கரைந்து வரும் என்பது தோட்ட மக்கள் பட்டறிந்த உண்மையாகும். கங்காணி முறை நிலவிய நாளில் ஆள்களைத் திரட்டி வந்தவரும், வேலை வாங்கியவரும், கடன் கொடுத்தவரும் பல இடங்களில் ஒருவராகவே இருந்தனர். ஆள்கள் வேலைக்கு வந்த நாள்களுக்கேற்பக் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. அந்த முறையில் நல்லவர்களும் இருந்தனர். எனினும் ஒருவரின் உழைப்புக்குரிய கணக்கு இன்னொருவரின் நோட்டில் மட்டும் இருந்தபோது, கேள்வி கேட்க உழைத்தவருக்கு வழியில்லாமற் போயிற்று.

இதற்கு மாற்றாகவே சட்டம் சில வேலிகளைப் போட்டது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். அது தொழிலாளியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். தொழிலாளியே எழுத்து மூலம் வேண்டிக்கொண்டால் வேறு வகையில் கொடுக்க இடமுண்டு. சட்டம் அனுமதித்த காரணங்களுக்கன்றி ஒரு காசும் பிடித்தம் செய்யக் கூடாது. சம்பளத்தை எந்தக் கடையில் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிப்பதும் செல்லாது. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் இச்சட்டம், மிகுதி நேரப்படி போன்ற சில பிரிவுகள் நீங்கலாக, சம்பள அளவைப் பாராமல் தீபகற்பத் தொழிலாளர் அனைவருக்கும் பொருந்துகிறது.

இந்த வேலிகள் எல்லாவற்றிற்கும் அடிப்படையான கருத்து ஒன்றே. இடையில் வாங்கி வைப்பவர் காவலரே தவிர உடையவர் அல்லர். அன்பளிப்புக் காசுக்கும் இந்த அளவுகோலையே நாம் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வகைக் காசு

உணவகத்தில் பட்டியலுக்கு மேலாக வரும் காசு மூன்று வகைப்படும். மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் சச்சரவுகள் தோன்றுகின்றன.

முதல் வகை, வாடிக்கையாளர் தொழிலாளியின் கையில் நேராகக் கொடுப்பது. இதில் ஐயத்திற்கே இடமில்லை. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். கடையின் உணவுக்கான விலை ஏற்கெனவே பட்டியலில் செலுத்தப்பட்டுவிட்டது. கடைக்கு இதில் கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை. அந்தக் காசைக் கல்லாவில் போடச் சொல்லித் தமதாக்கிக் கொள்ளும் முதலாளி, தமக்குக் கொடுக்கப்படாத ஒன்றை எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாம் வகை, கல்லாவின் அருகிலுள்ள உண்டியலில் போடப்படுவது, அல்லது கடன் அட்டை மூலமும் கைப்பேசி மூலமும் பட்டியலோடு சேர்த்துச் செலுத்தப்படுவது. இங்கே காசு முதலில் முதலாளியின் வசம் வந்து சேர்கிறது. உண்டியலில் போடுகிறவர் கடையின் வாடகைக்காகப் போடுவதில்லை; வேலை செய்யும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே போடுகிறார். எனவே அது தொழிலாளர்களின் பொதுக் காசு. முதலாளி அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்புடையவர்.

மூன்றாம் வகை, பட்டியலிலேயே நூற்றுக்குப் பத்து என்று சேர்க்கப்படும் சேவைக் கட்டணம். நம் நாட்டில் உணவு மேசையில் அன்பளிப்பு வைப்பது பரவலான வழக்கமன்று. அதற்கு ஈடாக ஓட்டல்களிலும் பெரிய உணவகங்களிலும் இந்தக் கட்டணம் நிலைபெற்றது. ஆகவே நம் தொழிலாளர்களின் வாழ்வை மிகுதியும் பாதிப்பது இந்த மூன்றாம் வகையே.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பட்டியலில் 'சேவை வரி' என்று இருப்பது வேறு. 'சேவைக் கட்டணம்' என்று இருப்பது வேறு. சேவை வரி, 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டிற்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்பனையுள்ள உணவகங்கள் வாங்கிச் சுங்க இலாகாவிடம் செலுத்துவது. உணவுக்கு அது நூற்றுக்கு ஆறு. சேவைக் கட்டணம் அரசாங்கத்திற்கு வருவதன்று. அதை வாங்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உணவகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் பணியின் பெயரைச் சொல்லி வாடிக்கையாளரிடம் வாங்கப்படும் பணம் அது.

கூட்டரசு நீதிமன்றம் சொன்னது

சேவைக் கட்டணம் யாருடையது என்ற வினாவிற்கு நம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே விடை கூறியிருக்கிறது. அந்த வரலாற்றை ஒவ்வோர் உணவகத் தொழிலாளியும் அறிந்திருத்தல் நலம்.

குறைந்தபட்சச் சம்பளத்திற்கான முதல் ஆணை 2012-இல் பிறப்பிக்கப்பட்டது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று அது வரையறுத்தது. 2013-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை பல ஓட்டல்களில் அடிப்படைச் சம்பளம் மிகக் குறைவாக இருந்தது. சேவைக் கட்டணத்தின் பங்கு சேர்ந்த பிறகே தொழிலாளியின் வருமானம் ஓரளவு நிமிர்ந்து நின்றது. இப்போது அடிப்படைச் சம்பளத்தை 900 வெள்ளிக்கு உயர்த்த வேண்டிய நிலை வந்ததும், சில ஓட்டல்கள் தம் கையிலிருந்து கொடுக்காமல், சேவைக் கட்டணத்தையே எடுத்து அந்தக் குறையை நிரப்ப முனைந்தன. வலக்கையில் இருந்ததை இடக்கைக்கு மாற்றிவிட்டு, சம்பளம் உயர்ந்துவிட்டது என்று கூறுவது போன்றதாகும் இது.

தீபகற்ப மலேசிய ஓட்டல், மதுக்கூட, உணவகத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் இதை எதிர்த்தது. கிரிஸ்டல் கிரவுன் என்னும் ஓட்டலுக்கும் சங்கத்திற்கும் இடையே எழுந்த வழக்கு, தொழில் நீதிமன்றத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலேறி, 2021-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவு பெற்றது. ஓட்டலின் முறையீடு தள்ளுபடியாயிற்று. தீர்ப்பின் சாரம் இது: சேவைக் கட்டணம் முதலாளியின் பணத்திலிருந்து வருவதன்று, வாடிக்கையாளர் என்னும் மூன்றாம் தரப்பினர் கொடுப்பது. தகுதியுள்ள தொழிலாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக ஓட்டல் அதை நம்பிக்கைப் பொறுப்பில் வாங்கி வைக்கிறது. ஆகையால் அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது.

நாம் தொடக்கத்தில் கூறிய காவலர், உடையவர் என்ற வேறுபாடு இந்தத் தீர்ப்பில் சட்டத்தின் மொழியிலேயே நிலைநாட்டப்பட்டுள்ளது. கூட்டரசு நீதிமன்றத்தின் முடிவு கீழுள்ள நீதிமன்றங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் என்பதால், இதன் பயன் பினாங்கு ஓட்டல் தொழிலாளர்களுக்கும் உரியது.

சேமநிதியில் விழும் அடி

இதில் மறைந்து கிடக்கும் இன்னொரு செய்தியையும் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். ஊழியர் சேமநிதிச் சட்டம் சேவைக் கட்டணத்தைச் சம்பளக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது, சேவைக் கட்டணப் பங்கிற்குச் சேமநிதி கட்ட வேண்டியதில்லை. சொக்சோ பாதுகாப்பிற்கோ அது கணக்கில் சேர்கிறது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்துள்ள பெரும்பாலான கடைகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளத்திற்கு முதலாளி நூற்றுக்கு 13 வீதம் 221 வெள்ளியும், தொழிலாளி நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளியும் சேமநிதியில் கட்டுகிறார்கள். ஆக 408 வெள்ளி சேர்கிறது. ஒரு முதலாளி அடிப்படைச் சம்பளம் 1,200 வெள்ளி என்றும், மீதி 500 வெள்ளி சேவைக் கட்டணம் என்றும் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் கட்டுவது 156; தொழிலாளி கட்டுவது 132; ஆக 288 வெள்ளியே சேர்கிறது. மாதந்தோறும் 120 வெள்ளி சேமநிதியில் குறைகிறது. இருபது ஆண்டுகளில், வட்டியை நீக்கிப் பார்த்தாலும், 28,800 வெள்ளி. முதுமையில் அந்தத் தொழிலாளி தளர்ந்து உட்காரும்போதுதான் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும். அப்போது திருத்த முடியாது. இன்று கையில் கிடைக்கும் மொத்தத் தொகை சரியாக இருக்கிறதே என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். சம்பளச் சீட்டில் எந்தத் தலைப்பில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சங்கம் இல்லாத கடைகளில்

ஓட்டல்களில் சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் இருக்கின்றன. பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் உணவகங்களில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. அங்கே நிலைமை என்ன?

உண்மையை மறைக்காமல் சொல்வதே எங்கள் கடமை. 'டிப்ஸ் காசு தொழிலாளியுடையது. முதலாளி தொடக் கூடாது' என்று நேரடியாகக் கூறும் தனிப் பிரிவு எதுவும் நம் வேலைவாய்ப்புச் சட்டத்தில் இல்லை. வேலை ஒப்பந்தத்தின்படி வர வேண்டிய சம்பளமோ பிற பணமோ கொடுக்கப்படவில்லை என்றால், தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம்; இலாகா விசாரித்து ஆணை பிறப்பிக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லாத உண்டியல் காசை, பிற்பாடு நிலைநாட்டுவது எளிதன்று. அறத்தின்படி உங்களுடையதாக இருப்பது, எழுத்து இல்லாமையால் கைநழுவிப் போகலாம்.

ஆகவேதான் நாம் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறோம்: வேலையில் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாளில், 'சேவைக் கட்டணமும் அன்பளிப்புக் காசும் தொழிலாளர்களுக்கு இன்ன முறையில் பங்கிடப்படும்' என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டால், காலமெல்லாம் வரக்கூடிய சண்டை அப்போதே தீர்ந்துவிடும்.

நிர்வாகி பங்கு கேட்கலாமா?

முதலாளியை விட நிர்வாகியைப் பற்றிய மனக்குறையே நம் காதில் மிகுதியாக விழுகிறது. 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்' என்ற பழமொழியைச் சொல்லிச் சிரிப்போரும் உண்டு. நிர்வாகிகளோ, 'தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?' என்று பதில் பழமொழி சொல்லக்கூடும்.

இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடுநிலையில் நின்று பார்ப்போம். நிர்வாகியும் உழைப்பவரே. கூட்டம் மிகுந்த வேளையில் அவரும் தட்டெடுத்துப் பரிமாறுகிறார். அவ்வாறு அவரே தனியாக உபசரித்த மேசையில் அவருக்கென்று கொடுக்கப்பட்ட காசு அவருடையதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பொதுக் காசைப் பங்கிடும் அதிகாரம் உள்ளவரே அதில் பங்காளியாகவும் இருந்தால், தராசைப் பிடித்தவரே சரக்கையும் வாங்குகிற நிலை ஏற்படுகிறது. யாருக்கு எந்த மேசை, யாருக்கு எந்த நேரம், யாரை வைத்துக்கொள்வது, யாரை நிறுத்துவது என்பவை அனைத்தும் அவர் கையில் இருக்கும்போது, அவர் எடுக்கும் பங்கைத் தொழிலாளி எவ்வாறு தட்டிக் கேட்பார்?

தேனெடுக்கும் பழமொழிக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். தேனெடுப்பவர் உயிரைப் பணயம் வைத்து மரமேறியவர். நிர்வாகி தேனை எடுக்கவில்லை. பிறர் எடுத்ததை வாங்கி வைத்திருக்கிறார். அவருடைய மிகுதியான பொறுப்புக்கு மிகுதியான சம்பளம் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அதற்குத் தொழிலாளியின் உண்டியலை நாடுவது முறையன்று.

பிற நாடுகள் கண்ட வழி

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2018-இல் கூட்டரசுச் சட்டம் திருத்தப்பட்டு, முதலாளி எக்காரணம் கொண்டும் தொழிலாளியின் டிப்ஸ் காசை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், நிர்வாகிகளும் மேற்பார்வையாளர்களும் அதில் பங்கெடுக்க அனுமதிக்கக் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது.

பிரிட்டனின் அனுபவம் நமக்கு இன்னும் பெரிய பாடம். லண்டன் உணவகம் ஒன்றின் பரிமாறுநர்கள், அட்டை மூலமும் காசோலை மூலமும் வந்த டிப்ஸ் தொகையை முதலாளி தாம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச ஊதியத்தில் கழித்துக்கொண்டதை எதிர்த்து வழக்காடினர். ரொக்கமாக வைத்த காசு பரிமாறியவருடையது. அட்டையில் செலுத்தியது முதலில் முதலாளியின் உடைமையாகிவிடுகிறது என்று அந்நாட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றும், 2002-இல் அவர்கள் தோல்வியே கண்டனர். ஆனால் அந்தக் குரல் வீண்போகவில்லை. டிப்ஸ் காசைக் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேர்ப்பது 2009-இல் தடை செய்யப்பட்டது. 2023-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டு, 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, முதலாளியின் வசம் வரும் டிப்ஸ் முழுவதும் அடுத்த மாத இறுதிக்குள் நியாயமான முறையில் தொழிலாளர்களைச் சென்றடைய வேண்டும். பங்கிடும் முறை எழுத்தில் இருக்க வேண்டும். கணக்கு மூன்று ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும்.

அந்த லண்டன் வழக்கை நாம் இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. இன்று நம் நாசி கண்டார் கடையிலும் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறார்கள். 'மீதியை வைத்துக்கொள் தம்பி' என்று சில்லறையை விட்டுச் சென்ற காலம் மாறி வருகிறது. கூடுதலாகச் செலுத்தும் இரண்டு வெள்ளியும் முதலாளியின் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. காசு கண்ணில் படாமல் போனால், உரிமையும் கண்ணில் படாமல் போய்விடும். ஆகவே கைப்பேசி வழி வந்த கூடுதல் தொகைக்கும் நாள்தோறும் கணக்கு எழுதப்பட வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2016-இல் ஓட்டல் தொழிலாளர்களின் டிப்ஸ் காசு பற்றி ஒரு வரி வழக்கை விசாரித்தது. அந்தக் காசு முதலாளி கொடுக்கும் சம்பளமன்று. வாடிக்கையாளர் கொடுத்ததை ஓட்டல் நம்பிக்கைப் பொறுப்பில் வாங்கித் தொழிலாளரிடம் சேர்க்கிறது என்பதே அதன் முடிவாகும். டில்லியிலும் புத்ராஜெயாவிலும் வெவ்வேறு வழக்குகளில் நீதிபதிகள் ஒரே கருத்திற்கு வந்து சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

முதலாளி தரப்பில் உள்ள நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது முறையாகாது. உணவக முதலாளிகள் பலர் தாமே ஒரு காலத்தில் மேசை துடைத்து முன்னேறியவர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளிலும் பொருள் உண்டு. பரிமாறுபவருக்கு மட்டும் காசு போனால், பாத்திரம் கழுவும் அம்மாவுக்கும் ரொட்டி போடும் தம்பிக்கும் என்ன கிடைக்கும்? கறி சுவையாக இருந்ததால்தானே வாடிக்கையாளர் மனம் குளிர்ந்தார்?

இது முற்றிலும் நியாயமான கேள்வி. எல்லாக் காசையும் ஒன்றுசேர்த்து, வேலைக்குத் தக்கபடி பங்கிடுவது தவறன்று. ஓட்டல்களில் இதற்குப் 'புள்ளி' முறை உள்ளது. ஓர் எடுத்துக்காட்டு: மாதத்தில் சேர்ந்த தொகை 6,000 வெள்ளி, எல்லாத் தொழிலாளர்களின் புள்ளிகளையும் கூட்டினால் 40, ஒரு புள்ளிக்கு 150 வெள்ளி. மூன்று புள்ளி உள்ளவருக்கு 450 வெள்ளி; இரண்டு புள்ளி உள்ளவருக்கு 300 வெள்ளி. கணக்கைச் சுவரில் ஒட்டிவிட்டால் பள்ளிச் சிறுவனும் சரிபார்த்துவிடலாம்.

பங்கிடும் முறையை வகுக்கும் உரிமை முதலாளிக்கு இருக்கலாம். பங்கிடாமல் வைத்துக்கொள்ளும் உரிமையோ வேறு. உடைந்த தட்டுக்கும், கல்லாவில் குறைந்த காசுக்கும், பட்டியல் செலுத்தாமல் போனவருக்கும் தொழிலாளர்களின் உண்டியலிலிருந்து ஈடுகட்டுவது, வியாபாரத்தின் நட்டத்தைத் தொழிலாளியின் தலையில் ஏற்றுவதாகும். நட்டம் வியாபாரியைச் சேர்ந்தது என்றால்தான் இலாபமும் அவரைச் சேர்ந்தது என்று சொல்ல முடியும்.

நேர்மையாகப் பங்கிடும் கடைக்கு இலாபமும் உண்டு. தம் பங்கு தவறாமல் வரும் என்ற நம்பிக்கையுள்ள தொழிலாளி முகம் மலர்ந்து பரிமாறுகிறார். அடிக்கடி வேலை மாறிப் போவதில்லை. புதிய ஆளைத் தேடிப் பழக்கும் செலவையும் தொல்லையையும் உணவக முதலாளிகள் நன்கு அறிவார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இளைஞர்களே, இன்று வீட்டுக்குப் போகும்போது ஐந்து செய்திகளை மனத்தில் கொண்டு செல்லுங்கள்.

ஒன்று: வேலையில் சேருமுன் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேவைக் கட்டணம் உண்டா, டிப்ஸ் எப்படிப் பங்கிடப்படும் என்று கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு: சம்பளச் சீட்டைத் தவறாமல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடிப்படைச் சம்பளம் சட்டம் வகுத்த அளவுக்குக் குறையாமல் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேமநிதிக் கணக்கையும் அவ்வப்போது சரிபாருங்கள்.

மூன்று: ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நாள், வேலை நேரம், உண்டியலைத் திறந்த நாள், கிடைத்த பங்கு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நினைவு மறக்கும், எழுத்து மறக்காது.

நான்கு: குறை இருந்தால் முதலில் முதலாளியிடமே மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். நிர்வாகி செய்வது முதலாளிக்குத் தெரியாமலே இருக்கக்கூடும். தீராவிட்டால் தொழிலாளர் இலாகாவை அணுகுங்கள். சங்கம் உள்ள இடங்களில் சங்கத்திடம் செல்லுங்கள். கூட்டு ஒப்பந்தம் மீறப்பட்டால் சங்கம் தொழில் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

ஐந்து: கேட்டதற்காக வேலையை விட்டு நீக்கிவிட்டால் மனமுடைந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் இடமளிக்கிறது. 60 நாள் கடந்தால் அந்தக் கதவு மூடிவிடும். இந்த எண்ணை மறவாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை பட்டணத்தில் வேலை பார்க்கிறான், மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறான் என்பதோடு நின்றுவிடாதீர்கள். சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடமோ, படித்த அண்டை வீட்டுப் பிள்ளையிடமோ கொடுத்துக் கேளுங்கள்.

உணவருந்தப் போகும் நம் அனைவருக்கும் இதில் பங்குண்டு. சேவைக் கட்டணம் பட்டியலில் இருந்தால், 'இது தொழிலாளர்களுக்குச் சேர்கிறதா?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு, கொடுப்பவர் நாம்தாமே. மனமுவந்து அன்பளிப்புக் கொடுப்பதாயின், இயன்றவரை உரியவர் கையிலேயே கொடுங்கள்.

இறுதியாக, நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடையைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறோம். முதலாளியும் நிர்வாகியும் தொழிலாளிக்கென்று வந்த காசை வாங்கி வைக்கலாம், எண்ணலாம், முறைப்படி பங்கிடலாம். தமதென்று வைத்துக்கொள்வதற்கு அறம் இடம் தரவில்லை. சேவைக் கட்டணத்தைப் பொறுத்தவரை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் இடம் தரவில்லை. அன்பளிப்புக் காசுக்கும் அதே பாதுகாப்பு வேண்டுமானால், ஒவ்வொரு கடையிலும் முதலாளியும் தொழிலாளியும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் இட்டால் போதும். அந்த ஒரு தாளை எழுதுவதற்கு இன்றே முயலுங்கள்.